அக்காவின் பாடங்கள் இருந்த டிஸ்க்

அக்கா மயிலாடும்பாறைப் பக்கம் டீச்சராக இருந்தாள். கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது, பாடங்களைத் தன் குரலிலேயே பதிவு செய்து பிள்ளைகளுக்கு அனுப்புவாள். எல்லாவற்றையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் சேர்த்து வைத்திருந்தாள். அவள் இறந்துபோன பிறகு அது அத்தானிடம் இருந்தது. வடுகபட்டியில் உரக்கடை வைத்திருக்கும் அவர், கடை பில்களையும் அதிலேயே போட்டுவந்தார்.

போன வருடம் ஒருநாள் போன் செய்தார். "டிஸ்க்கு தெறக்க மாட்டேங்குதும்மா."

நான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். "எதையும் தொடாதீங்க அத்தான். அப்படியே அல்லிநகரத்துக்கு எங்க வீட்டுக்குக் கொண்டு வாங்க. மொதல்ல முழுசா காப்பி எடுத்துக்கிருவோம், மத்தது பெறகு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சிரித்துக்கொண்டே வந்தார். "நானே சரி பண்ணிட்டேன். பக்கத்துக் கடைக்காரவுக சொன்னாக. கறுப்பு ஸ்கிரீன்ல செக்டிஸ்க்னு அடிச்சு, கடைசியில எஃப் போடணுமாம். போட்டேன், தெறந்துருச்சு."

எஃப் போடாவிட்டால் அந்தக் கட்டளை என்ன பழுது என்று மட்டும் சொல்லும். போட்டால் திருத்தவே ஆரம்பித்துவிடும். எதோடு சேர்ந்தது என்று தெரியாத துண்டுகளுக்கு ஒரு எண்ணைக் கொடுத்து ஓரமாகத் தள்ளிவிடும்.

மாட்டிப் பார்த்தேன். பில்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. அக்காவின் ஃபோல்டர் இல்லை. அதே கட்டளையை எஃப் போடாமல் அடித்துப் பார்த்தேன். டிஸ்க்கில் எந்தப் பிழையும் இல்லை என்று வந்தது.

"அக்காவோட பாடமெல்லாம் எங்க அத்தான்?"

டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அது இதுலயா இருந்துச்சு?"

எண் போட்டு ஓரமாகத் தள்ளியிருந்த துண்டுகளை என் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டு டிஸ்க்கை அவர் கையில் கொடுத்தேன். "பில்லு தப்பிச்சதே பெரிய விசயம்" என்றபடி வண்டியை எடுத்தார்.

அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு துண்டாகத் திறந்து பார்த்தேன். ஒன்றில் மட்டும் அக்கா பேசினாள். "எல்லாரும் புத்தகத்த எடுத்தாச்சா? சத்தமா..." அதற்குமேல் வெறும் கரகரப்பு.

போன மாதம் கம்பத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து அத்தான் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "டிஸ்க்கு போச்சுன்னு பயப்படாதீக. எங்கிட்ட கொண்டு வாங்க, ஒரே கமாண்டு."

என்னைப் பார்த்து, "என்னம்மா, சரிதானே?" என்றார்.

இலையை மூடிவிட்டு எழுந்து வந்து, வீடு திரும்ப தேனி பஸ்ஸில் ஏறினேன்.