நாற்றங்காலுக்குப் போட்ட சட்டவேலி

ஒல்லாந்தர் கோட்டைக்குப் பின்னாலிருந்த தோட்டத்தின் வேலியைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு முள்வேலி பிடிக்காமல் போயிற்று. நட்ட கம்பங்களுக்குக் குறுக்கே மூன்று சட்டங்கள், அவ்வளவுதான். கோடு கிழித்தாற்போல் நின்றது. ஏரிக்கரையை ஒட்டிய என் நாற்றங்காலுக்கும் அப்படியே ஒன்று போடுவதென்று தீர்மானித்தேன்.

மரம் தேர்ந்தெடுப்பதில் நான் குறை வைக்கவில்லை. இளம்பனைகளைத் தள்ளி, வயிரம் பாய்ந்த பனையாகப் பார்த்து எடுத்தேன். பிளந்த சட்டங்களைப் பூச்சி அரிக்காதிருக்க கடல் கலக்கும் அந்த ஏரியின் உப்புநீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, சுறா எண்ணெய் பூசினேன். மண்ணில் இறங்கும் கம்பங்களின் அடிக்குக் கரையான் அண்டாமலிருக்கக் கப்பலுக்குப் பூசும் கீல். வேலை முடிந்ததும் பழைய முள்ளையெல்லாம் கொளுத்திவிட்டேன். என் மனைவி மட்டும் சட்டங்களின் இடைவெளியில் கையை விட்டுப் பார்த்து, "காத்து நல்லா வரும்" என்றாள்.

மறுநாள் காலை வேலி முழுவதும் வலை. பக்கத்துக் குப்பத்துப் பெண்ணொருத்தி, இரவு மீன்பிடித்து வந்த ஈர வலைகளை விரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இது வேலி."

"அது தெரியாமியா நைனா? இன்னா உசரம்! எங்க வலைக்குனே அளவெடுத்தாப்புல கீது."

நாறுகிறது என்றேன்.

"உன் சட்டம் மட்டும் இன்னா, மல்லிப்பூவா மணக்குது?"

சில நாள் பொறுத்துவிட்டு, குப்பத்துத் தலைவரிடம் முறையிட்டு வலைகளை எடுக்கவைத்தேன். என் வேலி மறுபடியும் கண்ணுக்குத் தெரிந்தது. அன்று பிற்பகலே ஆடுகள் சட்டங்களுக்கு நடுவே, ஒன்றையொன்று இடிக்காமல், வரிசையாக நுழைந்தன. ஒல்லாந்தர் வேலி போட்டது குதிரைக்கும் மாட்டுக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் ஆடுகளைத் தடுத்தவை வலைகள். அவை உலர்வதும் பகலில், ஆடு மேய்வதும் பகலில்.

விரட்டுவதற்குள் நாற்றில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மறுபடி தெளிக்க வீட்டில் விதைநெல் இல்லை. மிச்சமும் போனால் இந்த ஆண்டு நடவே கிடையாது. முள் வெட்டிவர ஆள் கிடைக்கவில்லை, எல்லோரும் உழவில் இருந்தார்கள். குப்பத்துக்குப் போனேன்.

"வலை நாறுமே நைனா?" என்றாள் அந்தப் பெண்.

"நாறட்டும்மா."

"சும்மா போட முடியாது. உன் மேல்சட்டம் ஒரே செலாம்பு. வலை கிழியுது. இழைச்சுக் குடு, போடறோம்."

அன்றே இழைப்புளியோடு உட்கார்ந்தேன். எண்ணெய் ஊறிய மேற்புறம் சுருள் சுருளாக உதிர்ந்தது. அவள் சட்டத்தின்மேல் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்து, "இங்க இன்னும் கொஞ்சம்" என்றாள். இழைத்த இடத்துக்கு மறுபடி எண்ணெய் பூச எழுந்தேன்.

"பூசாத நைனா. வலையில ஒட்டும்."

பூசவில்லை. மறுநாள் வலைகள் வந்தன. நாற்று பற்றாததால் மேட்டு வயலை மட்டும் தரிசாக விட்டு, மற்றதெல்லாம் நட்டோம்.