அப்பாவின் பங்குகளும் அண்ணனின் குறியீடும்

அப்பா ரிட்டயர் ஆனபோது வந்த பணத்தில் ஒரு பகுதியை ஆறு கம்பெனிகளின் பங்குகளில் போட்டிருந்தார். அவர் போன பிறகு அதை அம்மா பேருக்கு மாற்றினோம். பார்த்துக்கொள்வது என் பொறுப்பானது. பார்த்துக்கொள்வது என்ன, வருகிற கடிதங்களைக் கோத்து வைப்பேன், அவ்வளவுதான். ஒரு பங்கைக்கூட விற்றதில்லை, வாங்கியதுமில்லை.

போன வருஷம் அண்ணன் மஸ்கட்டிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி, திருநகர் வீட்டில் எங்களோடு இருந்தான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே மொபைலை என் பக்கம் திருப்பினான். தேர்ந்தெடுத்த பெரிய கம்பெனிகளின் பங்கு விலையைச் சேர்த்துக் காட்டும் குறியீடு அதில் தெரிந்தது.

"அப்பா வாங்குனதுலேர்ந்து சந்தைக் குறியீடு எம்புட்டு ஏறியிருக்குன்னு பாரு. நம்மது அதுல பாதிகூட ஏறலையே, ஏன்?"

அவன் கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டான். எதையாவது தவறவிட்டேனா? ஏதாவது தாளில் தெரியாமல் கையெழுத்துப் போட்டேனா?

மறுநாள் நான் வேலை பார்க்கும் ஸ்கூலுக்கு லீவு போட்டுவிட்டு, கோரிப்பாளையத்தில் இருக்கும் பங்குத் தரகர் ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த பெண் பட்டியலைப் பார்த்தாள்.

"அக்கா, இதுல ரெண்டு கம்பெனி இப்ப இல்லவே இல்ல. மூடிட்டாங்க."

"குறியீட்டுல அதெல்லாம் இருந்துச்சா?"

"ஒண்ணு இருந்துச்சு. அது சரியவும் அத எடுத்துட்டு, நல்லா ஓடுற வேற கம்பெனியச் சேத்துட்டாங்க."

"அப்ப அண்ணன் பாக்குறது அப்பா வாங்குன சந்தையே இல்லையா?"

அவள் சிரித்துவிட்டு இன்னொன்றும் சொன்னாள். அண்ணன் பார்ப்பது வெறும் விலைக் குறியீடு. கம்பெனிகள் வருஷா வருஷம் லாபத்திலிருந்து தரும் டிவிடெண்ட் அதில் வராது. அதையும் சேர்த்துப் பார்க்கிற குறியீடு தனியாக இருக்கிறது, அது இன்னும் உயரத்தில் நிற்கும்.

திரும்புகிற பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அப்படியானால் நாங்கள் இன்னும் பின்னாலா? ஆனால் எங்களுக்கும்தானே டிவிடெண்ட் வந்தது? அது எங்கே?

அம்மா அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டேன்.

"அதுவா? பேங்குல வந்து விழுகும், எடுப்பேன். உங்கண்ணன் அங்க வேல போயி ஒம்பது மாசம் சும்மா இருந்தானே, அவன் பிள்ளைகளுக்கு யாரு பீஸ் கட்டுனதுன்னு நெனச்ச?"

ஹாலில் டிவி சத்தம் நின்றது. அண்ணன் அடுப்படி வாசலில் வந்து நின்றான். அவனுக்கு அது தெரியாது. அவனிடம் சொல்ல வேண்டாம் என்று அண்ணியை அம்மாதான் தடுத்திருக்கிறாள்.

உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான். "அதையும் சேத்தா, நாம சந்தையத் தாண்டிட்டமா?"

"தெரியலண்ணே."

இரண்டு பேரும் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தோம். எந்த வருஷம் எவ்வளவு வந்தது என்று அம்மாவுக்கு ஞாபகமில்லை. அந்தப் பணத்தைத் திரும்பப் பங்கில் போட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று பார்ப்பதா, பிள்ளைகள் படித்ததைக் கணக்கில் சேர்ப்பதா, எப்படிச் சேர்ப்பது? அரை மணி நேரத்தில் இருவரும் விட்டுவிட்டோம்.

அண்ணன் அதற்குப் பிறகு என்னிடம் அதைக் கேட்கவில்லை. அப்பா சரியாகத்தான் வாங்கினாரா என்று யாராவது கேட்டால், எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது.