வெள்ளிப் பசையும் நிற்காத ஹாரனும்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று கேட்டு எழுதியவர்களுக்கு நன்றி. காணோம் என்பதையே கவனிக்கவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்கும் நன்றி. என் இடத்தில் ஒரு ரசப்பொடிக் குறிப்பு வந்திருந்தது. செய்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

நான் எழுதாததற்குக் காரணம் புயல். தபாலும் இல்லை, கரண்டும் இல்லை. ஆனால் புயலைப் பற்றி எல்லாப் பேப்பரிலும் வந்துவிட்டது. பேப்பரில் வராத விஷயம் ஒன்று இருக்கிறது – ஒரு பசை.

நான் செங்கல்பட்டில் பெண்கள் பள்ளியில் சயின்ஸ் டீச்சர் என்பதும், ஸ்குரூடிரைவரைக் கண்டால் கை சும்மா இருக்காது என்பதும் வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். பல்பு மாற்றுவதற்குக்கூட மெயினை அணைத்துவிட்டு, அணைத்தோமா என்று மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர். ஆபீஸ் விட்டால் வீடு. எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டிக் களைத்த கார் ஒன்று இருக்கிறது. அதை அவர்தான் ஓட்டுவார். ஹாரன் அடிக்க மாட்டார். முன்னால் மாடு படுத்திருந்தால் அது எழுந்திருக்கும் வரை காத்திருப்பார். ஹாரன் கெட்டு ஒரு வருஷமாகியும் எங்களுக்குத் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

தீபாவளிக்கு வந்த என் தம்பி இரண்டு சின்ன ட்யூப் கொண்டுவந்தான். அவன் சிநேகிதன் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்ததாம். பார்த்தால் சாம்பல் நிறப் பற்பசை.

"அக்கா, இது சாதாரணப் பசை இல்லை. இதுக்குள்ள வெள்ளித் தூள் இருக்கு. ஒட்டவும் ஒட்டும், கரண்டும் போகும்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சிலருக்குப் பட்டுப்புடவை... எனக்கு இது.

யோசித்துப் பாருங்கள். அறுந்த ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம். ஆனால் சூட்டில் பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக் உருகிவிடும். சாதாரணப் பசை உருக்காது, ஆனால் அதன் வழியாகக் கரண்ட் போகாது. இந்தப் பசையில் இரண்டு தொல்லையும் இல்லை. இரண்டு ட்யூபிலிருந்தும் சம அளவு எடுத்து, தீக்குச்சியால் கலந்து, லேசாகத் தடவி, ஒரு நாள் முழுக்க விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான்.

தம்பி இரண்டு எச்சரிக்கை சொன்னான். ஒன்று – காய்வதற்குள் தொடாதே. இரண்டு – அளவாகப் பூசு. வழிந்தால், வழிந்த இடத்திலெல்லாம் கரண்ட் போகும்.

முதலாவதை நான் அளவுக்கு மீறிக் கேட்டேன். இரண்டாவதைக் கேட்கவே இல்லை.

ஒரே வாரத்தில் வீட்டிலிருந்த டார்ச், அழைப்பு மணி, எதிர்வீட்டுப் பையனின் பொம்மை ரயில் எல்லாம் உயிர்பெற்றன. என் வீட்டுக்காரர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை காலையில் கன்னியம்மா வந்தாள். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் மீன் கூடையோடு வருகிறவள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. அன்றைக்குக் கூடையில் மீனுக்கு மேலே, துணியில் சுற்றிய டிரான்சிஸ்டர் ஒன்று உட்கார்ந்திருந்தது.

"டீச்சரம்மா, நீ இன்னாமோ வெள்ளி வச்சி ஒட்டுறியாமே? இத்தப் பாரு. தட்டுனா பாடுது, வுட்டா கம்முனு கீது."

"யாருதுடி இது?"

"எங்கூட்டுக்காரருதுதான். டீக்கடைக்காரன்கிட்ட சண்ட போட்டுக்கினு வாங்குனாரு. டீ குடிக்காம இன்னா ரேடியோ கேக்குறன்னு அவன் கேட்டுட்டானாம். அன்னிலருந்து அந்தக் கட சொல்ற சேதி எதுவும் நம்பறதில்ல. அவரு ரேடியோ சொன்னாத்தான் மய, அவரு ரேடியோ சொன்னாத்தான் காத்து."

அவள் வீட்டுக்காரர் தேசிங்கு. கட்டுமரத்தில் போகிறவர். சாயங்காலம் இறங்கி வலை போட்டுவிட்டு விடியற்காலையில் கரைக்கு வருவார்.

டிரான்சிஸ்டரைத் திறந்தேன். உப்புக் காற்று தன் வேலையைக் காட்டியிருந்தது. பேட்டரி உட்காரும் இடத்தில் தகட்டிலிருந்து ஒயர் அறுந்து தொங்கியது. எனக்கென்றே அறுந்தது போல இருந்தது. துருவைச் சுரண்டி, பசையைக் கலந்து, ஊசி முனையால் வைத்து ஒட்டினேன். கன்னியம்மா தெருவெல்லாம் மீன் விற்றுவிட்டு வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"நாளைக்குக் காலையில வரைக்கும் இதைத் திருகக் கூடாது. தொடவே கூடாது. காயணும். புரியுதா?"

"சத்தியமா தொட வுடமாட்டேன் டீச்சரம்மா."

அவள் போன பிறகு பார்த்தால், கலந்த பசை கொஞ்சம் மீந்திருந்தது. விட்டுவைத்தால் இறுகிவிடும். வீணாக்க மனம் வருமா? உள்ளே இருப்பது வெள்ளி! நேராகக் காருக்குப் போனேன். ஸ்டீயரிங் நடுவிலிருக்கும் ஹாரன் பொத்தானைக் கழற்றினேன். அங்கேயும் ஒரு ஒயர் அறுந்திருந்தது. ஒட்டினேன். இன்னும் மீந்தது. இன்னும் தடவினேன். பலமாக இருக்கட்டுமே!

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ரேடியோவைத் திருகினேன். வங்கக் கடலில் புயல் சின்னம். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம். வெளியே பார்த்தேன். காற்றே இல்லை, புழுக்கம், சுள்ளென்று வெயில். புயலாவது ஒன்றாவது என்று வாய் சொல்லி முடிப்பதற்குள் கன்னியம்மாவின் டிரான்சிஸ்டர் ஞாபகம் வந்தது.

தேசிங்கு தன் ரேடியோவை மட்டுமே நம்புகிறவர். அந்த ரேடியோவை நாளைக் காலை வரை தொடாதே என்று சொல்லி அனுப்பியவள் நான்.

"என்னங்க, காரை எடுங்க!"

என் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டார். சட்டையை மாட்டிக்கொண்டே, "ஒட்டாம இருந்திருந்தா அந்த ஆள் தட்டியாவது கேட்டிருப்பார்" என்று மட்டும் சொன்னார். ஒரு அடி அடித்திருந்தால் குறைவாக வலித்திருக்கும்.

திருக்கழுக்குன்றம் வரை ஒழுங்காகப் போனோம். கடைத்தெருத் திருப்பத்தில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. என்ன அவசரமோ, என் வீட்டுக்காரர் வாழ்க்கையில் முதல் முறையாக ஹாரனை அழுத்தினார்.

ஹாரன் அடித்தது. நான் பெருமையாக அவரைப் பார்த்தேன். அவர் கையை எடுத்துவிட்டார். ஹாரன் நிற்கவில்லை.

பொத்தான் கீழேயே ஒட்டிக்கொண்டது. ஒட்டியது மட்டுமா? கரண்டையும் கடத்துகிறது. பசை சொன்னபடி இரண்டு வேலையையும் செய்துகொண்டிருந்தது. மேலே பிடித்து இழுத்தேன், நெம்பினேன். வெயிலில் வெந்த காருக்குள் அது கல்லாக இறுகிக்கொண்டிருந்தது.

பாத்திரக்கடைக்காரர் வெளியே ஓடிவந்தார். ஒரு கிழவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்து ஏதோ சொன்னார். கேட்காதது நல்லதாகப் போயிற்று. என் வீட்டுக்காரர் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒளிந்துகொண்டு ஓட்ட முடியுமா என்று பார்த்தார். "நிறுத்தட்டுமா? நிறுத்தட்டுமா?" என்றார்.

"நிறுத்த முடியாதுங்க. ஓட்டுங்க!"

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பானெட்டைத் திறந்து ஒரே ஒரு ஒயரை உருவினால் ஹாரன் நின்றுவிடும். எனக்கு அது தெரியும். ஆனால் மாட்டுவண்டிகள் ஒதுங்குகின்றன... சைக்கிள்கள் வயலில் இறங்குகின்றன... முன்னால் போன பஸ் எங்களுக்கு வழிவிடுகிறது! நம் ஊரில் ஒரு பஸ் ஒரு காருக்கு வழிவிட்டால் அதை நிறுத்த யாருக்கு மனம் வரும்? கண்டக்டர் படியில் நின்று கையைக் காட்டித் திட்டினார். நான் பதிலுக்குக் கும்பிட்டேன்.

சிற்பப் பட்டறைகளைத் தாண்டும்போது உளிச் சத்தம் மொத்தமாக நின்றது. அதுவரை நீலமாக இருந்த வானம் கிழக்கே கறுத்திருந்தது.

குப்பத்து மணலில் கார் சக்கரம் புதைந்து நின்றது. சாவியைப் பிடுங்கிய பிறகும் ஹாரன் கத்தியது. குரல் மட்டும் கொஞ்சம் கம்மியிருந்தது. குப்பமே திரண்டுவிட்டது. கட்டுமரங்களெல்லாம் மேட்டில் ஏறிக் கிடந்தன. டீக்கடை ரேடியோ எப்போதோ சொல்லிவிட்டது! தண்ணீர் ஓரத்தில் ஒரே ஒரு கட்டுமரம். அதன் ஒரு முனையைத் தேசிங்கு தள்ளுகிறார். மறுமுனையில் கன்னியம்மா உட்கார்ந்திருக்கிறாள்.

"எயுந்துரு புள்ள!"

"எயுந்துருக்க மாட்டேன். என்னியும் சேத்துத் தள்ளிக்கினு போ!"

நான் மணலில் ஓடினேன். "தேசிங்கு, புயல் வருது! நானே ரேடியோவுல கேட்டேன்!"

"எந்த ரேடியோல?"

"எங்க வீட்டு ரேடியோவுல."

"என் ரேடியோ ஒண்ணும் சொல்லலியே டீச்சர்."

"நான்தான் அதைத் திருகக் கூடாதுன்னு சொன்னேனே!"

"டீக்கடைக்காரன் பேச்சக் கேட்டுப் போன வாரம் இவனுங்க அல்லாரும் குந்திக்கினு இருந்தானுங்க. புயலு வந்துச்சா? நான் ஒருத்தன்தான் போனேன். கூட கூடயா மீனு."

கன்னியம்மா சொன்ன சொல் தவறாதவள். டிரான்சிஸ்டரைப் புடவையில் சுற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாங்கினேன். என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து, "இன்னும் காயலையே" என்றார். எனக்கு வந்த கோபத்தில் பிளாஸ்டிக் உருகியிருக்கும். திருகினேன். ஒரு கரகரப்பு. அப்புறம் கணீரென்று சத்தம்... என் ஒட்டுவேலை பிழைத்துவிட்டது!

ஒரு ஆணும் பெண்ணும் காதல் பாட்டுப் பாடினார்கள்.

தேசிங்கு சிரித்தார். "பாத்தியா? புயலு வர்ற நேரத்துல எவனாவது ஜோடி போட்டுப் பாடுவானா? ஏ புள்ள, எறங்கு."

அவர் கட்டுமரத்தை ஒரு முழம் நகர்த்திவிட்டார். அலை கன்னியம்மாவின் முழங்காலை நனைத்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள். உண்மையாகவே. முப்பது பெண்களை ஒரே பார்வையில் உட்காரவைக்கிற எனக்கு ஒரு ஆளை நிறுத்த வழி தெரியவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். பேசும்போதெல்லாம் தேசிங்கு காரைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறார். கையால் ஒரு காதைத் தேய்க்கிறார்.

"டீச்சர், மொதல்ல அந்த எயவ நிறுத்த மாட்டியா? தல நோவுது!"

"நிறுத்த மாட்டேன்."

"இன்னாது?"

"நீங்க கட்டுமரத்தை மேலே ஏத்துற வரைக்கும் நிறுத்த மாட்டேன். நீங்க கடலுக்குள்ள போனாலும் கேக்கும். ராத்திரி முழுக்க அடிக்கும். ஒரு மீனு இந்தப் பக்கம் வராது!"

மீன் வருமா வராதா என்பது எனக்குத் தெரியாது. சயின்ஸ் டீச்சர் சொன்னால் நம்பித்தானே ஆக வேண்டும்?

கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார்: "அண்ணாத்த, கொயந்திங்க அல்லாம் அயுவுது. ஏத்திட்டுப் போயேன்!" ஒரு பெண் கும்பிட்டாள். தேசிங்கு கடலைப் பார்த்தார். கன்னியம்மாவைப் பார்த்தார். காரைப் பார்த்தார்.

"சர்த்தான்! போவல! பேஜாரு புடிச்ச வண்டி... நிறுத்து தாயே!"

நாலு பேர் பாய்ந்து வந்து கட்டுமரத்தை மேட்டில் ஏற்றினார்கள். கன்னியம்மா அது முழுசாக ஏறும் வரை அதன் மேலிருந்து இறங்கவில்லை. நான் பானெட்டைத் திறந்தேன். ஒயரை உருவினேன். நிசப்தம். அலைச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

என் வீட்டுக்காரர் என் கையிலிருந்த ஒயரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இதைத் திருக்கழுக்குன்றத்துலயே..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. செங்கல்பட்டு போய்ச் சேரும் வரை வேறு வாக்கியத்தை ஆரம்பிக்கவும் இல்லை.

பாதி வழியில் மழை பிடித்தது. மற்றதை நீங்களே பேப்பரில் படித்திருப்பீர்கள். குப்பத்தில் பத்துப் பன்னிரண்டு கூரைகள் பறந்தன. வலைகள் காயும் மேடு வரை கடல் வந்து போயிற்று. ஆள் சேதம் இல்லை. இந்த மூன்று சொல்லைக் கன்னியம்மா வந்து சொல்லும் வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை.

பசை நல்ல பசைதான், சந்தேகமில்லை. டார்ச்சுக்கு, ரேடியோவுக்கு, பொம்மை ரயிலுக்குத் தாராளமாக நம்பலாம். என்னைத்தான் கொஞ்சம் யோசித்து நம்ப வேண்டும். ரிப்பேர் செய்கிற எங்களுக்கு ஒரு வியாதி – பொருள் மட்டும் கண்ணுக்குத் தெரியும். காய்வதற்கு ஒரு நாள் ஆகும் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு நாளில் அந்தப் பொருள் இல்லாமல் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று கேட்கிறோமா? இப்போதெல்லாம் யார் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் அதைத்தான் கேட்கிறேன். வருகிறவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

நேற்று இறால் வாங்குவதற்காகக் குப்பத்துக்குப் போயிருந்தோம். நீல வானம், அசையாத கடல். எங்கள் கார் மணலில் வந்து நின்றதுதான் தாமதம்... புறப்பட இருந்த மூன்று கட்டுமரங்களை மேட்டில் ஏற்றிவிட்டார்கள்!