அக்கா விட்டுப்போன சவுரி

அக்கா வீட்டைவிட்டுப் போன அன்று அவளுடைய சவுரி ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. துணிமணி, சான்றிதழ், பவுடர் டப்பா வரை மறக்காமல் எடுத்துப்போனவள் அதை மட்டும் எப்படி விட்டாள் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிபடவில்லை. தன் முடியின் மேல் அவளுக்கு அவ்வளவு கர்வம். சீவும்போது உதிர்வதை விரலில் சுற்றி டப்பாவில் சேர்த்துவைத்து, பாப்பாரப்பட்டிச் சந்தைக்கு வரும் சவுரிக்காரரிடம் கொடுத்துக் கட்டிக்கொண்ட சொந்த முடி அது. பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு நான் ஒருமுறை இரவல் கேட்டேன். "உன் எலிவாலுக்கு இது எதுக்குடி?" என்றாள்.

பக்கத்து ஊர் மாதாகோயில் குடும்பத்துப் பையனோடு போய் பெங்களூரில் கல்யாணம் செய்துகொண்டாள். அவள் பெயரை இனி யாரும் எடுக்கக் கூடாது என்றார் அப்பா. அவர் காலமான பிறகும் அந்தப் பேச்சு வீட்டைவிட்டுப் போகவில்லை. நல்லவேளை, சவுரியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை; அம்மாவுக்கு அது போதும். வெள்ளிக்கிழமைகளில் தன் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது அதற்கும் வைத்தாள். "இதுக்காவது வூட்டுக்கு வருவா" என்று ஒருநாள் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

நான் இப்போது தருமபுரியில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். போன மாதம் அம்மா அந்தச் சவுரியை மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டுவந்தாள். பிசுக்கேறி, தூசி அப்பி, கட்டை மாதிரி இறுகிக் கிடந்தது.

"ஏம்மா, தலையில இருக்கற முடிதான் எண்ணெ குடிக்கும். இதுக்குப் போயி ஊத்தி வெச்சிருக்கியே!" என்று கத்தினேன்.

"செரி பண்ணிக் குடு" என்று மட்டும் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அத்தனை வெள்ளிக்கிழமையும் அவள் அக்காவின் தலையைத்தான் தடவிக்கொண்டிருந்திருக்கிறாள். அது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்கும் அக்கா வேண்டியிருந்தது, எலிவால் என்று கேலி செய்யவாவது.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பு கலந்து ஊறவைத்தேன். பிசுக்குப் போகப் பலமுறை அலசி, கண்டிஷனர் போட்டு, நுனியில் தொடங்கி மேலே மேலே போய்ச் சிக்கெடுத்தேன். மேலிருந்து இழுத்தால் மொத்தமும் அறுந்து கையோடு வந்துவிடும். நிழலில் உலர்ந்ததும் பார்த்தால் பாதிதான் மிஞ்சியிருந்தது. மீதிக்குப் புது முடி சேர்க்க வேண்டும். வாடிக்கையாளர் என்றால் தலையருகே வைத்து நிறம் பார்த்துவிடுவேன். இதை யார் தலையில் வைத்துப் பார்ப்பது?

அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பழைய கறுப்பு அப்படியே இருந்தது. "இப்ப அவளுக்கு நரைச்சிருக்குமா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். சவுரியை மடியில் வைத்துக்கொண்டு, "கேட்டுத்தான் பாரேன்" என்றாள்.

அக்காவின் நம்பர் என்னிடம் இருந்தது. அம்மாவின் வாயிலிருந்து இந்த ஒரு சொல் வரட்டும் என்றுதான் இத்தனை காலம் காத்திருந்தேன். கூப்பிட்டேன். எடுத்தவள் கன்னடத்தில் யாரென்று கேட்டாள்.

"நான்தாங்க்கா. உனக்கு முடி நரைச்சிருச்சா?"

"ஏண்டி கேக்கற?" என்றாள். குரல் உடைந்திருந்தது.

"உன் சவுரிக்கு முடி சேக்கணும். அம்மாதான் கேக்கச் சொல்லுச்சு."

மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அம்மாவுக்கு முழுசா நரைச்சிருச்சாடி?"

நான் திரும்பி அம்மாவின் தலையைப் பார்த்தேன். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா எழுந்து வந்து என் கையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டாள்.