விசில் சாரின் மூச்சு வகுப்பு

விசில் சார் இருந்தவரை அந்தப் பள்ளியில் மணியை யாரும் பெரிதாக மதித்ததில்லை. மணி அடித்தால் இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது என்று பொருள். விளையாட்டு ஆசிரியரான அவர் விசில் ஊதினால் மைதானத்துப் புறாக்கள்கூட வரிசையில் நிற்கும். கழுத்தில் கறுப்புக் கயிறு, அதன் நுனியில் இரும்பு விசில். குளிக்கும்போதாவது அதைக் கழற்றுவாரா என்று ஆசிரியர் அறையில் பந்தயம் நடந்தது. "கழட்டுவாரு. ஆனா கைக்கெட்டுற தூரத்துல வெச்சுக்குவாரு, சோப்பு ஓடிப்போனா ஊதணும் இல்ல?" என்று அவர் மனைவியே போட்டு உடைத்துவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதரின் தலையில்தான் மன அமைதி வகுப்பு விழுந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சைப் பயத்தில் சாப்பாடு இறங்காமல் திரிகிறார்கள், வாரம் மூன்று நாள் மூச்சுப் பயிற்சி கொடுங்கள் என்று மேலிடத்துச் சுற்றறிக்கை. மற்ற ஆசிரியர்களுக்கெல்லாம் பாடம் முடியாமல் கிடந்தது.

"மேடம், எனக்கு ஓடச் சொல்லத் தெரியும். சும்மா உக்காரச் சொல்ல வராதே."

"நீங்களும் கூடவே உக்காந்து கத்துக்குங்க சார். உங்க பிரஷருக்கும் நல்லது," என்றார் தலைமையாசிரியை.

மெல்லிய குரலில் வழிநடத்த வேண்டும் என்றது சுற்றறிக்கை. அவரிடம் இல்லாத ஒரே சாமான் அது. ஆகவே விசிலையே நம்பினார். குட்டையாக ஊதினால் மூச்சை இழு, நீளமாக ஊதினால் விடு.

"கண்ணை மூடு! மனசை லேசா விடு! ஏய் கடைசி பெஞ்சு, லேசா விடுன்னா விடணும்!"

நாற்பது பிள்ளைகள் விறைத்துப்போய் அமைதியடைந்தார்கள். முயலும் அவர்களில் ஒருத்தி. பள்ளியிலேயே வேகமாக ஓடுகிற பெண். அந்தப் பட்டப்பெயரை வைத்தவரும் விசில் சார்தான். கணக்குத் தாளைக் கண்டால் மட்டும் அவள் கை உறைந்துவிடும். இரண்டு தேர்வுகளில் வெள்ளைத்தாளை மடித்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். ஆண்டுத் தேர்விலும் அப்படியே ஆனால் தோழிகள் மேலே போக, அவள் அதே வகுப்பில் அதே பெஞ்சில் இன்னொரு வருடம்.

மூன்றாம் வாரம் பக்கத்து வகுப்புக் கணக்கு ஆசிரியர் பொங்கி எழுந்தார். "நான் பெருக்கல் சொல்லிட்டிருக்கேன், என் பிள்ளைங்க மூச்சை இழுத்துக்கிட்டு நிக்குதுங்க மேடம்!"

விசில் தலைமையாசிரியையின் மேசை இழுப்பறைக்குள் போயிற்று. கயிறு மட்டும் கழுத்தில் தங்கியது. பழகின கை சும்மா இருக்குமா? வகுப்பில் அது நெஞ்சுக்குப் போகும், இல்லாத விசிலை எடுத்து உதட்டில் வைக்கும், கன்னம் உப்பும். பிள்ளைகள் முதலில் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பிறகு சிரித்துக்கொண்டே மூச்சை இழுத்தார்கள்.

ஆண்டுத் தேர்வில் கணக்குப் பரீட்சையன்று மேற்பார்வைக்கு அவரையே போட்டார்கள். அறையில் பேசக்கூடாது, சைகைகூடக் கூடாது. இருபது நிமிடம் ஆயிற்று. முயலின் தாள் வெள்ளையாகவே இருந்தது. பேனா கையில் இருந்தது; கை மேசையோடு ஒட்டிக்கிடந்தது. அவர் ஜன்னலுக்கு நடந்தார், கதவுக்கு நடந்தார். அவள் தாளைப் பார்க்கக்கூடாது என்று நினைத்து நினைத்தே பார்த்தார். அவரை அறியாமல் கை நெஞ்சுக்குப் போய், ஒன்றுமில்லாததை எடுத்து, உதட்டில் வைத்தது.

நாற்பது பேரும் மூச்சை இழுத்தார்கள்.

அந்தச் சத்தத்தில் அவரே திடுக்கிட்டுப்போனார். முயல் நிமிர்ந்து பார்த்தாள். அவள் தோளும் உயர்ந்திருந்தது. இழுத்த மூச்சை அப்படியே நிறுத்திக்கொண்டு பிள்ளைகள் காத்திருந்தார்கள். இனி விட்டுத்தானே ஆகவேண்டும்? கன்னம் உப்ப, சத்தமில்லாமல், நீளமாக ஊதினார்.

தலைமையாசிரியை வாசலில் வந்து நின்றார். "என்ன சார் அது சத்தம்?"

"மூச்சு மேடம்," என்றார் அவர், வாழ்க்கையில் முதல்முறையாக மெல்லிய குரலில். "அது விதியில தப்புன்னு போடலையே?"

முயலின் பேனா மெதுவாக நகர்ந்தது. ஒரு வரி எழுதி அடித்தாள், அடுத்ததை எழுதினாள். கேள்வித்தாளைத் திருப்பும் சத்தம் கேட்டபோதுதான் அவர் உட்கார்ந்தார்.

முப்பத்தெட்டு மதிப்பெண். தேற முப்பத்தைந்து போதும். "மூணு கூடப் போச்சே முயல், எதுக்கு இவ்வளவு வேகம்?" என்றார் அவளிடம்.

"நீங்க ஊதினீங்க, நான் ஓடினேன் சார்."

அன்றே தலைமையாசிரியை இழுப்பறையைத் திறந்து விசிலை நீட்டினார். அதைப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார். அவர் விசிலைப் பார்த்தார், பிறகு தலைமையாசிரியையைப் பார்த்தார்.

"நிர்வாகக் கூட்டத்துக்கு முன்னாடி சும்மா கையில வெச்சுக்குவேன் சார், படபடப்பு அடங்குது. ஊதுறதெல்லாம் இல்ல."

"அடுத்த கூட்டம் எப்ப மேடம்?"

"வெள்ளிக்கிழமை."

"அப்ப சனிக்கிழமை வாங்கிக்கிறேன்," என்று வெறும் கயிற்றைச் சரிசெய்துகொண்டு மைதானத்துக்கு நடந்தார்.