பத்தாவது ஆளுக்கு இடமில்லை

ஊர் தூங்கும்போது ரொட்டி சுடுகிறவனைத் தேடி விடிந்ததும் முதலில் வருவது வாடிக்கையாளர் இல்லை, அதிகாரி. அறுபதுகளின் கடைசியில் காரைக்குடி பேக்கரி ஒன்றில் ராத்திரி வேலை பார்த்தவன் நான். வரி கட்டியும் பெர்மிட்டுக்கு நின்றும் கால் வீங்கிய உங்களுக்கு இதெல்லாம் புதுசாக இருக்காது.

விற்காத பன்

காளையார்கோவில் பக்கத்துச் சம்சாரி கருப்பையா. மழையில்லாமல் நிலம் தரிசாகிவிட, எங்களிடம் வேலை கேட்டு வந்தார். எடுத்துக்கொள்ள முதலாளி ஆசாரிக்கும் ஆசைதான். ஆனால் சர்க்கார் பெர்மிட்டில் அளந்து தரும் மைதா ஒரு மாதமாக வரவே இல்லை. அடுப்பு அணைந்து கிடந்தது.

சப்ளை ஆபீசுக்குப் போனோம். போன மாதம் எவ்வளவு விற்றீர்கள் என்று கேட்டார் குமாஸ்தா. "மாவே குடுக்கலையே, எதைச் சுட்டு விக்கிறது?" என்றார் ஆசாரி. குமாஸ்தா பொறுமையாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒண்ணுமே விக்காத கடைக்கு எதுக்குங்க மைதா?"

காய்ந்தால் வரி

ஒருவழியாக மாவு வந்தது. கூடவே விற்பனை வரிக்காரரும் வந்தார். ரொட்டிக்கு வரி இல்லையாம், ரஸ்க்குக்கு உண்டாம். "அதே ரொட்டிதான் சார், இன்னொரு தடவை சூடு காட்டுறோம்" என்றேன். அந்தச் சூட்டுக்குத்தான் வரி என்றார்.

ரஸ்க் விலை ஏறியது, விற்பனை இறங்கியது. கருப்பையாவை இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னோம். நேமத்தான்பட்டியிலிருந்து வாடிக்கையாக வரும் ஆச்சி விலையைக் கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "ஏப்பா, எங்க வீட்டு அலமாரியில ரொட்டி காஞ்சுபோனா நான் எந்த ஆபீசுல போயிக் கட்டணும்?"

ஒன்பதோடு நிற்க

தீபாவளி ஆர்டர் குவிந்தது. கருப்பையாவை மறுநாளே வரச் சொல்லிவிட்டார் ஆசாரி. அவர் வந்து வாசலில் நின்ற அன்றைக்குப் பார்த்துத் தொழிலாளர் இன்ஸ்பெக்டர் வந்து எங்கள் தலைகளை எண்ணினார். ஒன்பது. மாவு பிசையும் மெஷினின் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார். மோட்டாரும் பத்தாவது ஆளும் சேர்ந்தால் பேக்கரி ஃபாக்டரி ஆகிவிடுமாம். தனி லைசென்ஸ், தனி ஃபீஸ், கூரையைக்கூட உயர்த்திக் கட்டவேண்டி வருமாம்.

"பாவம் சார், பிள்ளைகுட்டிக்காரன். ஒரே ஒரு ஆளு" என்று கெஞ்சினார் ஆசாரி. இன்ஸ்பெக்டர் அன்பாகத்தான் பதில் சொன்னார்: "ஒன்பதோட நிப்பாட்டிக்கங்க. உங்களுக்கும் நல்லது, எனக்கும் அலைச்சல் மிச்சம்."

கருப்பையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஆள் எடுத்த இடம்

பொங்கல் கழிந்து இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். பின்னாலேயே காக்கிச் சட்டையில் ஒரு பியூன். கருப்பையா! அவரே எங்களை விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்ததும் கூச்சத்தோடு என் பக்கம் ஒதுங்கி வந்து சொன்னார்: "கோவிச்சுக்காதீக அண்ணே. கடைகள்ல ஆளு கூடிராமப் பாத்துக்கிற ஆபீசுல ஆளு பத்தலைன்னு என்னையச் சேத்துக்கிட்டாக."

நம் வரிப்பணத்தில் கருப்பையா வீட்டு அடுப்பு எரிந்ததில் எனக்குச் சந்தோஷந்தான், ஆனால் அது எங்கள் பேக்கரிக் கூலியில் எரிந்திருந்தால் ஊருக்கு நாலு ரொட்டியாவது கூடுதலாகக் கிடைத்திருக்கும்.