அடைப்பு நாட்களில் அம்மா

சிதம்பரத்தில் அம்மா, மனைவி, மகள், நான் எல்லோரும் இருந்தது ஒரே அறை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதே வரிசையில் இன்னும் மூன்று குடும்பங்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரு கழிப்பறை. வீட்டுக்கார அம்மா முன்பக்கம் மாடி வீட்டில் இருந்தார்.

அதற்கு முன்பு கடலூர் முதுநகரில் இருந்தோம். 2004 கடைசியில் கடல் வந்து போன பிறகு அங்கே வாடகை ஏறியது. வீடு இழந்தவர்களும் வெளியூரிலிருந்து வந்தவர்களும் கேட்டதைக் கொடுத்து அறை பிடித்தார்கள். எங்களால் முடியவில்லை. என் மனைவியின் தம்பி சிதம்பரத்தில் ஆட்டோ ஓட்டினான். வீடு பிடித்துக் கொடுத்தது அவன்தான். எனக்கு மளிகைக் கடை ஒன்றில் பொட்டலம் கட்டும் வேலை கிடைத்தது. ஐந்தாவது வரை படித்த, நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிற ஆளுக்கு அது போதும். பருப்போடு பேச வேண்டியதில்லை.

குடி வந்து மூன்றாம் வருடம் அம்மாவுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறினாலும் எங்களுக்குப் புரியும். வீட்டுக்கார அம்மா தினமும் காலையில் வந்து, "ஆயா எப்பிடி இருக்குது?" என்று கேட்டுவிட்டுப் போவார். இப்படிக் கேட்க ஒரு மனுஷி இருக்கிறாரே என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் குழாயடியில் என் மனைவியை நிறுத்தினார்.

"எம்மா, தப்பா எடுத்துக்காத. நாளையிலேர்ந்து அஞ்சு நாளு அடைப்பு. ஆயாவ எங்கனா கொண்டு போய் வெச்சிருந்து கூட்டியாங்க."

சில நட்சத்திரங்களில் சாவு விழுந்தால் அந்த வீட்டை ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம்; அதைத்தான் அடைப்பு என்பார்கள். அதில் ஐந்து நட்சத்திரங்கள் மாதாமாதம் அடுத்தடுத்து வரும். சொந்த வீட்டுக்காரர்கள் ஒரு அறையை மட்டும் பூட்டிவிட்டு மற்றதில் இருந்துகொள்வார்கள். வாடகை வீட்டில் சாவு விழுந்தால் ஆறு மாத வாடகை போகும், அதன் பிறகும் அங்கே யாரும் குடிவர மாட்டார்கள்.

"அவுங்க நல்லாத்தான் சாப்புடுறாங்கம்மா" என்றாள் மனைவி.

"நல்லா இருக்கட்டும், யாரு வேணான்னா? ஆறாம் நாளு கூட்டியாந்துடு. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. காலேஜ் பசங்க நாலு பேரு கேட்டுக்கினே இருக்கானுங்க. தலைக்கு இவ்ளோன்னு தரானுங்க."

நான் போய்ப் பேசவில்லை. பேசியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. அந்த வாடகைக்கு ஊரில் வேறு வீடு இல்லை. படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் எந்த வாடகைக்கும் இல்லை.

மச்சானிடம் கேட்டேன். அவனும் வாடகைக்கு இருப்பவன். "அத்தைய எங்க வீட்ல வெச்சிக்க எனக்கென்னா மாமா? எங்க ஓனரும் அதே காலண்டரத்தான் கிழிக்குது" என்றான்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பார்த்த டாக்டர் பெண், "அட்மிட் பண்ற மாதிரி ஒண்ணும் இல்லையே, ஏன் கூட்டிட்டு வந்தீங்க?" என்றாள். தலையை ஆட்டிவிட்டு வந்தோம். நோயாளிகளோடு வந்தவர்கள் தங்குவதற்கு வெளியே ஒரு கொட்டகை இருந்தது. அங்கே பாயை விரித்து அம்மாவைப் படுக்கவைத்தோம். நான் வேலைக்குப் போய் வந்தேன். மனைவி கூட இருந்தாள். மகளை மச்சான் வீட்டில் விட்டிருந்தோம்.

அதிலிருந்து மாதாமாதம் இதுதான். கிளம்பும்போது மனைவி காலண்டரில் அந்தத் தாள்களை முன்கூட்டியே கிழித்துப் பையில் வைத்துக்கொள்வாள். பூட்டிய அறைக்குள் சுவர்க் காலண்டர் நாங்கள் திரும்பி வரும் நாளைக் காட்டிக்கொண்டிருக்கும்.

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "ஏன்டா, வாடகைல அந்த அஞ்சு நாளக் கழிப்பாளா அவ?" என்று கோணிய வாயால் ஒருமுறை கேட்டு, தானே சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், "ஒரு வாசல்லேர்ந்து தூக்குங்கடா என்னிய. கொட்டாயிலேர்ந்து வேணாம்" என்றாள். அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அது ஒரு மாசி மாதம். அடைப்பில் கடைசியான ரேவதி நட்சத்திரம் பகல் பன்னிரண்டு வரை என்று தாளில் இருந்தது. கொட்டகையில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அப்போதும் பன்னிரண்டு தாண்டட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். தாண்டியதும் மச்சான் ஆட்டோவைக் கொண்டு வந்தான். தேரடி பக்கம் வரும்போது அம்மா தண்ணீர் கேட்டாள். மனைவி கொடுத்தாள். எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது தலை என் தோளில் சாய்ந்தது.

வீட்டுக்கார அம்மா கேட்டுக்கு வந்தார். பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பொய் அழுகை இல்லை. ஆனால் கேட்டைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"மூச்சு எப்ப நின்னுச்சுன்னு யாரு பாத்தா தம்பி? பன்னண்டுக்கு முன்னாடின்னா, உள்ள கொண்டாந்து வெச்சாலே அடைப்புதான். அப்புறம் என் வீட்ட எவன் எடுப்பான்? இந்த நாலு வீட்ட விட்டா எனக்கும் சோறு இல்ல."

மனைவி கத்தினாள். "இப்பத்தாம்மா தேரடிகிட்ட தண்ணி கேட்டாங்க! நான் குடுத்தன், குடிச்சாங்க!"

"குடிச்சத நீ பாத்த. நான் பாத்தனா?"

மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் வெளியே வந்து நின்றார்கள். யாரும் கிட்ட வரவில்லை. அவர்களும் குடியிருப்பவர்கள்தானே.

"மாமா, அத்தைய எவ்ளோ நேரம் இப்பிடியே உக்கார வெச்சிருக்கறது?" என்றான் மச்சான். அவன் குரல் உடைந்திருந்தது. ஆட்டோவும் வாடகை வண்டி, சாயங்காலம் திருப்பி விடவேண்டும். நான் அம்மாவின் தலையைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அவன் வண்டியைத் திருப்பினான்.

சுடுகாட்டில் அடிபம்பு பக்கத்தில் வைத்துக் குளிப்பாட்டினோம். வீட்டுக்கார அம்மா புதுப் புடவை ஒன்று கொடுத்தனுப்பியிருந்தார். நல்ல புடவை. அம்மா உயிரோடிருந்தபோது அப்படி ஒன்றை நான் வாங்கித் தந்ததில்லை. அதைத்தான் உடுத்தினோம்.

அந்த மாத வாடகையை முழுதாகவே கொடுத்தோம்.

பிறகும் அங்கேயே இருந்தோம். 2011 கடைசியில் வந்த பெரிய புயலில் கூரை போனதும் வீட்டுக்கார அம்மா நான்கு வீட்டையும் இடித்து, காலேஜ் பையன்களுக்கு மாடியோடு அறை கட்டப்போவதாகச் சொன்னார். 2012-இல் மறுபடியும் கடலூருக்கு வந்து வீடு தேடினோம். கூரை பிழைத்திருந்த வீடுகளுக்கெல்லாம் வாடகை ஏறியிருந்தது. ஊர்க் கடைசியில் ஓர் அறை, தண்ணீர் வெளியிலிருந்து தூக்க வேண்டும், முன்பு கொடுத்ததைப் போல ஒன்றரை மடங்கு வாடகை. வீட்டுக்காரர் என் மனைவியிடம் கேட்டார்.

"எத்தினி பேரு?"

"நாங்க ரெண்டு பேரு, ஒரு பொண்ணு."

"வயசானவங்க யாராச்சும்?"

"யாரும் இல்லீங்க."

உடனே சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். எடுத்தவர் கொடுக்காமல் என்னைப் பார்த்தார். முட்டி வலியில் நான் சுவரில் சாய்ந்து நின்றிருந்தேன். நிமிர்ந்து நின்றேன்.